‘தொழில் இல்லை’ என்று நான் எழுதிய வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, பெயர்ப்பலகையை எப்படி அளப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அளவுநாடா பிடிக்கத் தெரிந்த எவருக்கும் அது அரைமணி நேரப் படிப்பு. வீடுகள் நெருங்கிய ஒடுங்கிய ஒழுங்கையில் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர் எவ்வளவு பெரிய பலகை வைக்கலாம், மதிலுக்கு வெளியே நீட்டலாமா, விளக்குப் போடலாமா என்பதெல்லாம் உங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்காமல் ஒழுங்கைக்குள் இறங்கினால் அங்கிருக்கிற ரியூஷன் மாஸ்டர்மார் உங்களுக்கே வகுப்பெடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. இருபத்தெட்டு வருடம் இந்த வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு பலகையைத் தூரத்திலிருந்து பார்த்தே இத்தனை அங்குலம் கூட என்று சொல்லுவேன். நாடாவை வைத்தால் அதுவேதான் இருக்கும். அப்படிப்பட்ட நான், ஒரு வீட்டுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையைப் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம். எங்கள் மாநகர சபைக் கந்தோரில் தமிழ் தெரிந்த பலகைப் பரிசோதகர் நான் ஒருவன்தான், ஆகவே கொழும்பில் தமிழர் நெருங்கியிருந்த வெள்ளவத்தையும் பாமன்கடையும் என் தலையில். நான் கொட்டாஞ்சேனைக்காரன். அப்பா கொச்சிக்கடையில் துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை கணக்குப் பார்த்தவர், தாத்தா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் வாயைத் திறந்தாலே வெள்ளவத்தையில் கண்டுபிடித்துவிடுவார்கள். “தம்பி மலைநாடோ?” என்று கேட்பார்கள். “இல்லீங்க, பதின்மூன்றாம் நம்பர் கொழும்பு” என்று கொட்டாஞ்சேனையின் தபால் இலக்கத்தைச் சொல்லுவேன்.

வடக்கிலிருந்து வந்த சனம் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த ஒழுங்கைகளில் அறை எடுத்து, வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் எடுத்து இருந்தார்கள். கையில் என்ன தொழில் இருந்ததோ அதைத் தொடங்கினார்கள். கணக்குப் பாடம், ரவிக்கை தையல், இடியப்பம், டைப்பிங், வீணை. ஒரு மதிலில் மூன்று பலகை தொங்கும். எல்லாமே அனுமதியில்லாத பலகை.

முறைப்படி என்றால் விண்ணப்பம் வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், அயலவர் சம்மதம் வேண்டும். மூன்று மாதம் இழுக்கும். வாடகைக்கு இருக்கிற சனத்துக்கு வீட்டுக்காரர் லேசில் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் எங்களுக்குள் ஒரு குறுக்குவழி இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். “போர்டைக் கழட்டி உள்ளே வச்சிடுங்க, தொழிலைச் சத்தமில்லாமச் செய்யுங்க” என்று சொல்லுவோம். பிறகு பதிவேட்டில் ஒரே வரி எழுதிக் கோப்பை மூடுவோம்: ‘பலகை அகற்றப்பட்டது. இவ்விலாசத்தில் தொழில் எதுவும் நடைபெறவில்லை.’ அபராதமில்லை, வழக்கில்லை. பலகை அகற்றப்பட்டது என்பது உண்மை, தொழில் இல்லை என்பது பொய். ஆனால் அதை நாங்கள் ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை, உதவி என்றுதான் சொன்னோம். நான் அந்த வரியை எத்தனை வீட்டுக்கு எழுதினேனோ, அத்தனை வீட்டிலும் எனக்கு நல்ல பெயர்.

ஒருநாள் ஒரு முறைப்பாடு வந்தது. பாமன்கடைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற சிங்களக் கனவான், மாத்தயா ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்து அனெக்ஸில் இருக்கிற தாயும் மகளும் கிழமைக்கு இரண்டு தரம் மிளகாய் வறுக்கிறார்கள், தன் மனைவிக்கு இருமல் நிற்கவில்லை, மதிலில் போர்டு வேறு தொங்குகிறது, சபை தூங்குகிறதா என்று கேட்டிருந்தார். அழகான கையெழுத்து. கோபத்திலும் வரி கோணவில்லை.

நான் போனது வறுக்கிற நாளாகப் பார்த்து அமைந்துவிட்டது. கேற்றடியிலேயே மூன்று தும்மல். பின்பக்கம் பெரிய இரும்புத் தாச்சியில் மிளகாயும் மல்லியும் வறுபட, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டு நின்றார். மகளுக்கு இருபது வயதிருக்கும். நிலத்தில் உட்கார்ந்து, பொலித்தீன் பையின் வாயை மெழுகுதிரியில் காட்டிக் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பெயர் பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் என்றார்.

பலகை அளவில் சரியாக இருந்தது. எழுத்துத்தான் என்னை உலுக்கியது. தமிழிலும் சிங்களத்திலும், ‘யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள், ஓடருக்குச் செய்து கொடுக்கப்படும்.’ கீழே பெயரும் வீட்டு இலக்கமும்.

“ஏம்மா, இந்தக் காலத்துல யாழ்ப்பாணம்னு மதில்ல எழுதி வைக்கிறீங்களே, உங்களுக்குப் பயமா இல்லியா?” என்றேன்.

“தூள் யாழ்ப்பாணத்துத் தூள்தானே தம்பி. வேற என்னெண்டு எழுதுறது?” என்றார்.

“தூள் உள்ளே இருக்கட்டும்மா. போர்டையும் உள்ளே வச்சிடுங்க. நான் கோப்பை மூடிடுறேன். ஒரு பிரச்சினையும் வராது. வறுக்கிறதை மட்டும் பக்கத்து வீட்டு ஐயாவோட நோனா வெளியே போற நாளாப் பார்த்து வறுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இடம் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம், அதோடு நான் செய்யும் உதவியில் எனக்கிருந்த நம்பிக்கை. “யோசிக்காதீங்கம்மா, நான் பார்த்துக்குறேன்” என்றேன். மகள் எழும்பிப் போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நன்றி என்று எடுத்துக்கொண்டு, தும்மிக்கொண்டே நடந்தேன். மடையன். கந்தோருக்குத் திரும்பி என் வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு முற்பகல் மேசையில் இருக்கிறேன், பரமேஸ்வரி அம்மா வாசலில் நிற்கிறார். தலை சீவி இழுக்கவில்லை. விரலெல்லாம் சிவப்பு, கழுவாமல் ஓடிவந்திருக்கிறார்.

“தம்பி, பொலிசார் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

விசயம் இதுதான். காலையில் ஒழுங்கை முழுக்கப் பொலிஸ் செக்கிங். வடக்கிலிருந்து வந்த இளம் பிள்ளை, கொழும்பில் நிற்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் மிளகாய்த்தூள் தொழில் செய்கிறோம், பொலிஸில் கொடுத்த குடியிருப்போர் படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம், சபையிலிருந்தும் வந்து பார்த்தார்கள் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். அவர்கள் எங்கள் கந்தோருக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார்கள். கந்தோர் என்ன சொல்லும்? பதிவேட்டில் இருப்பதைச் சொல்லும். ‘இவ்விலாசத்தில் தொழில் எதுவும் நடைபெறவில்லை.’

“பொய் சொல்லிப் பதிஞ்சு கொழும்பில நிக்கிறாளாம். நாலு மணிக்குக் கடுதாசியள் மேலிடத்துக்குப் போகுமாம். போனா பிறகு தன்ர கையில இல்லையாம் எண்டு பொலிஸ் பெரியவர் சொல்லிப்போட்டார். சபையிலயிருந்து ஏதும் அத்தாட்சி இருந்தாக் கொண்டு வரட்டாம். தம்பி, நீங்கள் வந்து பாத்தனீங்கள்தானே? அவள் உங்களுக்கு முன்னால இருந்துதானே பை ஒட்டினவள்?”

ஓம் என்று தலையாட்டினேன். மேலிடத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை மாதம் கழித்து எங்கேயிருந்து திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் வரவேயில்லை என்பதெல்லாம் அந்த நாளில் வெள்ளவத்தையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். நேரம் அப்போது பதினொன்றரை.

பக்கத்து மேசையில் கிளார்க்காக இருந்த தமிழர் நல்ல மனுசன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “என்னத்துக்கு ஐசே முழிக்கிறீர்? ஒரு விண்ணப்பப் படிவத்தை எடும். ஆறு மாசத்துக்கு முந்தின திகதியைப் போடும். சபைச் சீலைக் குத்தி அம்மாவிட்டைக் குடும். பொலிஸ் அதைத்தானே கேட்குது?”

நான் படிவத்தை எடுத்தேன், தம்பிமாரே. ஒளிக்க மாட்டேன். பெயரை எழுதினேன், விலாசம் எழுதினேன், பொய்த் திகதியும் எழுதினேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் நீங்களும் எழுதியிருப்பீர்கள். சீல் பதிவேட்டு அறையில் இருந்தது. படிவத்தோடு அங்கே போனேன்.

பதிவேட்டு அறைக்குப் பொறுப்பாக ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், என்னை மல்லி, அதாவது சிங்களத்தில் தம்பி, என்பார். கறாரான ஆள். ஒரு பதிவேட்டை நூறு அடி தூரம் தூக்கிக்கொண்டு போவதென்றாலும் அவரிடம் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் பேசுவதெல்லாம் சிங்களம், நான் தமிழில் எழுதுகிறேன்.

படிவத்தை வாங்கினார். திகதியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மல்லி, காலையில போன் வந்தப்போ எடுத்தது நான். உன்னுடைய வரியை ஒரு சொல் விடாம வாசிச்சேன். அந்தப் பக்கம் இருந்தவர் எழுதி எடுத்தார், என் பேரையும் கேட்டு எழுதினார். இப்ப இந்தக் கடுதாசி அங்கே போனா, ஒன்று நான் பொய்க்காரி, இல்லாட்டி இது கள்ளக் கடுதாசி. அவங்க என்ன நினைப்பாங்க சொல்லு பார்ப்போம்.”

படிவத்தைத் திரும்ப வாங்கினேன்.

“வடக்குப் பிள்ளை ஒன்றுக்குத் தமிழ் உத்தியோகத்தர் ஒருத்தர் கள்ளக் கடுதாசி செய்து கொடுத்திருக்கார் என்று நினைப்பாங்க. இப்ப அந்தப் பிள்ளை மேலே இருக்கிறது ஒரு சந்தேகம். நீ இதைக் கொண்டுபோனா அது வழக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பொய் உதவி என்று எழுதினேன், அதை மூட இரண்டாவது பொய்யும் உதவி என்றே எழுதிக்கொண்டு நிற்கிறேன். படிவத்தைக் கிழித்தேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

“அப்ப நான் என்ன செய்யிறது மிஸ்? பிள்ளை உள்ளே இருக்கு!” என்று கத்தியே விட்டேன்.

“கத்தாதே. அங்கே உண்மையில தொழில் நடக்குதா?”

“நடக்குது. நான் கண்ணால பார்த்தேன். மூன்று தரம் தும்மினேன்.”

“அப்படின்னா அதைப் போய்ச் சொல்லு. நீ எழுதின புத்தகத்தை வச்சுக்கொண்டு சொல்லு.”

“புத்தகம் கந்தோரை விட்டு வெளியே போகக்கூடாதே.”

“நான் இல்லாமப் போகக்கூடாது” என்றார். பதிவேட்டையும் கோப்பையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினார், குடையை எடுத்தார், அறையைப் பூட்டினார். “வா.”

பரமேஸ்வரி அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் ஒரு திரீவீலரில் போனோம். காலி வீதியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் என்னையும் அம்மாவையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள், மிஸ்ஸை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் அவருக்குப் பொறுக்கவில்லை. தானே தலையை வெளியே நீட்டி, “என்னுடையதையும் பாருங்களேன், நானும்தானே வந்தேன்” என்று தன் அட்டையை நீட்டினார். சின்ன வயதுச் சிப்பாய், வெட்கப்பட்டு விட்டுவிட்டான்.

எனக்குப் பயம். அதை மறைத்துப் பேசினால் உங்களுக்குப் பிரயோசனமில்லை. வேலை போவது ஒரு பக்கம். அரச பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று நானே பொலிஸில் போய்ச் சொன்னால், அதே வாங்கில் எனக்கும் ஒரு இடம் கிடைக்கலாம். கொட்டாஞ்சேனையில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வழியில் எங்காவது நிறுத்தி ஒரு போன் எடுத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் போக விடமாட்டாள். எடுக்கவில்லை.

நிலையத்தில் அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். எங்களை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். உள்ளே கதவிடுக்கால் அந்தப் பிள்ளை தெரிந்தாள். வாங்கின் நுனியில், செருப்பில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பலகையைக் கழற்றச் சொன்ன மனுசன் வந்திருக்கிறான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். என்னால் அந்தக் கதவைப் பார்க்கவே முடியவில்லை.

மூன்று மணி தாண்டிப் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். களைத்த முகம், மேசை நிறையக் கோப்பு. மிஸ் பதிவேட்டை விரித்து வைத்தார். நான் நின்றபடியே சொன்னேன், சிங்களத்தில்.

“சேர், காலையில உங்களுக்கு வாசிச்சுச் சொன்ன வரி இது. இதை எழுதினவன் நான். வரி பிழை. அந்த வீட்டில தொழில் நடக்குது, நான் பார்த்தேன்.”

“பார்த்தும் ஏன் இல்லையென்று எழுதினீங்க?”

இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லலாம் என்று நாக்குத் துடிக்கும். மறந்துபோனேன், வேறு வீட்டை மாற்றி எழுதிவிட்டேன், வேலைப் பளு. மூன்றும் என் வாயில் தயாராக இருந்தன. மிஸ் பக்கத்தில் நின்றார். நான் ஒன்றையும் எடுக்கவில்லை.

“போர்டில யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தது சேர். அவங்களுக்குப் பிரச்சினை வரும் என்று பயந்தேன். எனக்கும் வரும் என்று பயந்தேன். போர்டைக் கழட்டச் சொல்லிட்டுக் கோப்பை மூடினேன்.”

“பிரச்சினை வந்துட்டுதே” என்றார் அவர். சிரிக்கவில்லை. “ஒருதரம் புத்தகத்தில பொய் எழுதின ஆள் நீங்க. இப்ப சொல்றதை நான் எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை நானே ஐந்து மாதத்துக்கு முன்னால் அழித்துவிட்டேன். அப்போது மிஸ் கோப்பைத் திருப்பி, முதல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டு மாத்தயாவின் முறைப்பாடு.

அதிகாரி வாசித்தார். சபை தூங்குகிறதா என்ற இடத்தில் நின்று, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மீதியையும் வாசித்தார். ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டு அந்த வீட்டுக்கு அனுப்பினார். நாங்கள் மறுபடி வெளியே நின்றோம். மணி மூன்று இருபது, மூன்று முப்பது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மூன்று நாற்பதுக்குச் சார்ஜன்ட் திரும்பி வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“சேர், அந்த மாத்தயா என்னைப் பிடிச்சு வச்சுத் திட்டுறார். ஐந்து மாசத்துக்கு முன்னால முறைப்பாடு கொடுத்தாராம், சபைக்காரன் வந்து ஒன்றும் செய்யாமப் போனானாம், இன்னும் கிழமைக்கு இரண்டு நாள் வறுக்கிறாங்களாம், முந்தநாள் வறுத்ததில நோனாவுக்கு இன்னும் இருமலாம். தாயும் மகளும் நல்ல ஆட்கள், சண்டை சச்சரவில்லை, வறுவல் மட்டும்தான் தொந்தரவாம். பிள்ளையை ஏன் கொண்டுபோனீங்க என்று என்னையே கேட்கிறார்.”

பொறுப்பதிகாரி பேனையை என்னிடம் நீட்டினார். “பழையதை வெட்டக்கூடாது. அதுக்குக் கீழே சரியானதை எழுதி, இன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வைங்க.”

எழுதினேன். ‘மேலே நான் எழுதியது பிழையானது. இவ்விலாசத்தில் மிளகாய்த்தூள் தயாரிக்கும் தொழில் நடைபெறுகிறது. நேரில் பார்த்தேன்.’ அவ்வளவுதான். அதைப்போல் நிம்மதியாக நான் எழுதிய வரி என் சேவைக் காலத்தில் வேறு இல்லை.

பிள்ளை வெளியே வந்தாள். தாய் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, தோளைத் தொட்டு, முதுகைத் தொட்டு, கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு செருப்பில்லாத காலைப் பார்த்ததும்தான் அழுதார். இருவரும் ஒரு திரீவீலரில் ஏறிப் போனார்கள். எனக்கு நன்றி சொல்லவில்லை. மிஸ்ஸின் கையை மட்டும் பிடித்து ஏதோ தமிழில் சொன்னார். மிஸ்ஸுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமை அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். மிஸ்தான் அப்படிச் செய்யச் சொன்னார். “வேறு வாயால அவர் காதுக்குப் போக முந்திப் போ” என்றார். கண்டனக் கடிதம் கிடைத்தது. இன்றும் என் சேவைக் கோப்பில் இருக்கும், ஆசையிருந்தால் எடுத்து வாசியுங்கள். பக்கத்து மேசைக்காரர் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னோடு பேசவில்லை. ஊருக்கு முன்னால் நான் பெரிய யோக்கியனாக ஆகிவிட்டதாக நினைத்தார்.

ஆனால் என்னைத் தூங்க விடாதது கடிதமல்ல. அந்த வரியை நான் வேறு எத்தனை வீட்டுக்கு எழுதியிருக்கிறேன் என்பதுதான். மிஸ்ஸும் நானும் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். என் கையெழுத்து, அதே வரி, மறுபடி அதே வரி. வீணை ரீச்சர், ரவிக்கை தைக்கிற அக்கா, டைப்பிங் படிப்பித்த ஐயா. எல்லோரும் நான் அவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீடாக நடந்தேன். சில வீட்டில் ஆட்கள் மாறிப் போயிருந்தார்கள். இருந்த இடத்திலெல்லாம் கீழே சரியான வரியை எழுதினேன், விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன், வீட்டுக்காரர் கையெழுத்துக்கு நானே போய் நின்று கேட்டேன். கொடுக்காதவரிடம் திரும்பத் திரும்பப் போனேன். “அப்பப்பா, உங்கட கரைச்சல்” என்று கும்பிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. மூன்று மாதம் இழுக்கிற அலுவலை ஆறு கிழமைக்குள் முடிக்கலாம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். அதுவரை ஒருவரும் முயற்சி செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் விசயம்.

இப்போது உங்களுக்குக் கணினி. ஒரு கட்டத்தைத் தட்டினால் ‘தொழில் இல்லை’ என்று விழும். என் காலத்தில் அதை எழுதக் கொஞ்சமாவது மை செலவானது. தட்டுவதற்கு முன் ஒருதரம் யோசியுங்கள். நீங்கள் எழுதுவதை உங்கள் மேலதிகாரி மட்டும்தான் வாசிப்பார் என்று நினைக்கிறீர்கள். என்றைக்கு, யார், எதற்காக வாசிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சனத்துக்கு உதவி செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். விதியை வைத்துச் செய்யுங்கள், காலைத் தேய்த்துச் செய்யுங்கள். எழுத்தில் பொய் சொல்லிச் செய்யாதீர்கள்.

இன்னுமொன்று இருக்கிறது. அதை நான் பிள்ளை வீடு திரும்பியதற்கு அடுத்த கிழமைதான் கற்றுக்கொண்டேன்.

பரமேஸ்வரி அம்மா வீட்டுக்கு விண்ணப்பப் படிவத்தோடு போனேன். கேற்றைத் திறந்துவிட்டது மகள். இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை, நான் உட்காரக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். பலகை குசினிக்குள் அடுப்பருகே மிளகாய்ச் சாக்குக்கு மூடியாகக் கிடந்தது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கேட்கக் கேட்க அம்மா சொன்னார், நான் நிரப்பினேன். பெயர், விலாசம், அளவு. பிறகு, பலகை வைப்பதன் நோக்கம் என்று ஒரு கட்டம்.

“வியாபார விளம்பரம்னு போட்டுடவாம்மா?”

“யாவாரத்துக்கு எனக்குப் போர்ட் தேவையில்லைத் தம்பி. என்ர தூள் லண்டனுக்கும் கனடாவுக்கும் போறவையின்ர பெட்டிக்குள்ள போகுது. ஒராள் சொல்லி ஒராள் வருவினம். இந்த ஒழுங்கையில ஆர் போர்டைப் பாத்து வாங்கப் போயினம்?”

“அப்புறம் எதுக்கும்மா வச்சீங்க?”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

“செக்கிங் வாறவங்கள் கதவில தட்ட முன்னமே, உள்ளுக்க இருக்கிறது ஆர், என்ன செய்யினம் எண்டு தெரியட்டும் எண்டுதான் வைச்சனான். ஒளிச்சிருக்கிற ஆக்கள் மதில்ல பேர் எழுதி வைக்க மாட்டினம்தானே. அது என்ர பிள்ளைக்கு வைச்ச போர்ட், தம்பி. அண்டைக்கு அதைச் சொல்லத்தான் வாயெடுத்தனான். நீங்கள் நான் பார்த்துக்குறேன் எண்டிட்டுப் போட்டியள்.”

பேனை என் கையில் திறந்தபடியே இருந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் கழற்ற வைத்த பலகைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஒருவரையாவது எதற்கு வைத்தீர்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை.

“இந்தக் கட்டத்துல நான் என்னம்மா எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“மிளகாய்த்தூள் எண்டே எழுதுங்கோ” என்றார். “மிச்சம் பொலிசுக்கு விளங்கும்.”

அப்படியே எழுதினேன். படிவத்தை மடித்துக்கொண்டு, கையெழுத்துக்கு வீட்டுக்காரரிடம் நேரே போனேன்.